சேர்வருக்கொரு கம்பைல்: வன்னி கைவிட வேண்டிய வீண் நம்பிக்கை

ஒரு சேர்வரில் ஓடப்போகும் மென்பொருளை அதே சேர்வரில் வைத்துக் கம்பைல் செய்தால்தான் அது அந்தப் புரொசசருக்குப் பொருந்தும், வேகமாக ஓடும், நம்பத் தகுந்ததாகவும் இருக்கும் என்ற எண்ணம் லினக்ஸ் பழகியவர்களிடையே உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. வன்னியில் அது இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. எங்கள் இயந்திரங்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்களுக்குப் படிப்பிப்பவர்களும் சொல்கிறார்கள். இந்த எண்ணம் பிழையானது. மேலே சொன்ன மூன்று நன்மைகளில் ஒன்றைக்கூட அது தருவதில்லை. இயந்திரங்கள் பலவகைப்பட்ட இடத்தில்தான் மென்பொருளை ஓரிடத்தில் கம்பைல் செய்து, பக்கேஜ் ஆக்கி, கையொப்பமிட்டு, எல்லாச் சேர்வர்களுக்கும் அனுப்பும் ஒழுங்கு மிகமிக அவசியம். இதை நான் ஐயமறச் சொல்கிறேன், காரணங்களையும் சொல்கிறேன்.

முதலில், இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் எரிபொருளும் பற்றரியும் வருவது தடுக்கப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். வெளியிலிருந்து வரும் எதையும் நம்பியிருக்க முடியாத ஒரு நிலத்தில், கையில் இருப்பதைக் கொண்டு தானே செய்துகொள்பவன்தான் பிழைத்தான். அந்தப் பழக்கம் இன்று கணினி அறைக்குள்ளும் வந்து நிற்கிறது. 'நானே என் கையால் கம்பைல் செய்தேன்' என்று ஒரு இளைஞன் சொல்லும்போது அதற்குள் இருக்கும் பெருமிதம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெருமிதம் வேறு, பராமரிப்பு வேறு. பரிசோதனைக்கூடத்தில் ஒரு தடவை கம்பைல் செய்து பழகுவது நல்ல கல்வி. ஒரு வைத்தியசாலையின், ஒரு பாடசாலையின், ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் சேர்வரை அந்த முறையில் வருடக்கணக்காக ஓட்டுவது பொறுப்பற்ற வேலை.

வன்னியில் ஓடும் இயந்திரங்களைப் பாருங்கள். ஒரு அலுவலகத்தில் வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய கோர் 2 டுவோ மேசைக்கணினி சேர்வராக நிற்கும். அடுத்த அறையில் கேள்விப்பத்திர முறையில் ஆகக் குறைந்த விலைக்கு வாங்கிய பென்டியம் அல்லது செலரோன் இருக்கும். ஒரு திட்டம் முடிந்தபோது விட்டுச் சென்ற சியோன் சேர்வர் ஒன்று இருக்கும். மின்சாரச் செலவு குறைவென்று வாங்கிய ராஸ்பெரி பை 4 ஒன்று சுவரில் தொங்கும். புதிதாக வந்த ராஸ்பெரி பை 5 ஒன்று அதற்குப் பக்கத்தில் இருக்கும். முதல் மூன்றும் எக்ஸ்86-64 வகை. கடைசி இரண்டும் ஏ.ஆர்.எம். வகை. ஒவ்வொரு வகைக்குள்ளும் தலைமுறை வேறு. இந்தக் கலப்பைக் காட்டித்தான் 'அந்தந்த இயந்திரத்திலேயே கம்பைல் செய்' என்கிறார்கள்.

கம்பைலர் செய்யும் வேலை என்ன? மனிதர் எழுதிய மூலநிரலைப் புரொசசர் அறிந்த கட்டளைகளாக மாற்றுகிறது. எக்ஸ்86-64 கட்டளைத்தொகுதி 2003இல் ஏ.எம்.டி.யின் ஒப்டெரோன் புரொசசருடன் வந்தது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு தலைமுறையும் சில புதிய கட்டளைகளைச் சேர்த்தது, பழையவற்றை விட்டுவிடவில்லை. ஆகவே 2003இன் அடிப்படைக் கட்டளைகளை மட்டும் பயன்படுத்திக் கம்பைல் செய்த நிரல் அன்றைய ஒப்டெரோனிலும் ஓடும், இன்றைய புத்தம்புதிய சேர்வரிலும் ஓடும். 2020இல் ஏ.எம்.டி., இன்டெல், ரெட் ஹட், சூசே நிறுவனங்கள் கூடிப் பேசி, இந்த வளர்ச்சியை வி1 முதல் வி4 வரை நான்கு படிகளாக வகுத்தன. வி1 என்பது ஆரம்ப அடிப்படை. வி2 என்பது ஏறத்தாழ 2008இன் நெஹலெம் தலைமுறை. வி3 என்பது 2013இன் ஹாஸ்வெல் தலைமுறை. ஏவிஎக்ஸ்2 போன்ற கட்டளைகள் அதில்தான் அடங்குகின்றன. வி4 அதற்கும் மேல். நூற்றுக்கணக்கான புரொசசர் மாதிரிகள் கடையில் இருக்கலாம். பக்கேஜ் தயாரிப்பவர் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த நான்கு படிகளைத்தான். இயந்திரங்கள் பலவகை, ஆகவே நிரலும் பலவகை என்ற வாதம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 352 மூன்றரை மாத நெல். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, காலபோகமா சிறுபோகமா என்று பார்த்து எந்த வயது நெல்லை விதைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொரு வரம்புக்குள்ளும் ஒவ்வொருவர் தனி இனம் உருவாக்குவதில்லை. ஓரிடத்தில் உருவாக்கி, பல மண்ணில் சோதித்து, சில வயதுப் பிரிவுகளாக வெளியிட்ட விதை வயலுக்கு வருகிறது. மென்பொருளிலும் ஒழுங்கு அதுதான்.

இனி 'பொருந்தும்' என்ற வாதத்தை எடுப்போம். கம்பைலரில் 'மார்ச்=நேட்டிவ்' என்று ஒரு தெரிவு உண்டு. 'இப்போது நீ ஓடிக்கொண்டிருக்கும் புரொசசருக்கு என்னென்ன தெரியுமோ அவ்வளவையும் பயன்படுத்து' என்பது அதன் பொருள். வழிகாட்டிக் குறிப்புகளில் இதைக் கண்டவர்கள் மந்திரம்போல் போட்டுவிடுகிறார்கள். அந்த நிரல் பிறந்த இயந்திரத்தில் சரியாக ஓடும். ஒருநாள் அந்த இயந்திரத்தின் மதர்போர்ட் எரிந்துபோகும். வன்னியின் வெயிலும் தூசியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதைச் சீக்கிரமே செய்துவிடும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கைவசம் இருக்கும் இன்னொரு இயந்திரத்தில் பூட்டுவார்கள். அது சற்றுப் பழையதாகவோ மலிவானதாகவோ இருந்தால், 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்சன்' என்ற ஒற்றை வரியுடன் நிரல் செத்து விழும். தரவு பத்திரமாக இருக்கும். அதைத் திறக்கும் மென்பொருள் ஓடாது. ஒரு இயந்திரத்துக்கு மட்டும் பொருந்தும்படி தைத்த நிரல், இயந்திரம் அடிக்கடி மாறும் ஊருக்கு அடியோடு பொருந்தாதது.

புதிய இயந்திரம் என்றால் ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். இன்டெல் நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் கோர் வரிசைக்கு ஏவிஎக்ஸ் கட்டளைகளைக் கொடுத்துவிட்டு, அதே காலத்துப் பென்டியம், செலரோன் வரிசைகளுக்குக் கொடுக்காமல் விட்டது. ஒரே வருடம் வாங்கிய இரண்டு இயந்திரங்களில் ஒன்றில் ஓடும் நிரல் மற்றதில் ஓடாமல் போவது இதனால்தான். எங்கள் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்தவற்றில் மலிவான வரிசைகளே அதிகம். ஏ.ஆர்.எம். பக்கத்திலும் இதே கதைதான். 2019இல் வந்த ராஸ்பெரி பை 4இன் கோர்டெக்ஸ்-ஏ72 புரொசசர் ஏ.ஆர்.எம். வி8.0 தலைமுறை. 2023இன் ராஸ்பெரி பை 5இல் உள்ள கோர்டெக்ஸ்-ஏ76 வி8.2 தலைமுறை. ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான கட்டளைகள் பின்னதில் உண்டு, முன்னதில் இல்லை. ஐந்தில் 'நேட்டிவ்' போட்டுக் கம்பைல் செய்ததை நான்கில் வைத்தால் அது எந்த நிமிடமும் விழலாம். பெரிய நிறுவனங்கள் கம்பைல் செய்து தரும் நிரல்களும் இந்தச் சுவரில் முட்டியிருக்கின்றன: 2021இல் வந்த மொங்கோடிபி 5.0 தரவுத்தளம் எக்ஸ்86 பக்கத்தில் ஏவிஎக்ஸையும் ஏ.ஆர்.எம். பக்கத்தில் வி8.2ஐயும் கட்டாயமாக்கியது. அதனால் அது பழைய சேர்வர்களிலும் ராஸ்பெரி பை 4இலும் எழும்பவே இல்லை. எந்தப் படியில் நின்று கம்பைல் செய்வது என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஓரிடத்தில் செய்தால் அதை ஒருவர் ஒருமுறை யோசித்து எடுக்கலாம், எழுதி வைக்கலாம். முப்பது இடத்தில் முப்பது பேர் எடுத்தால் அது ஒருவருக்கும் தெரியாத முடிவாகிவிடும்.

அடுத்தது வேகம். புரொசசருக்கென்று தனியாகக் கம்பைல் செய்தால் எல்லாம் வேகமாகும் என்பது இந்த நம்பிக்கையின் உயிர்நாடி. எங்கள் சேர்வர்கள் என்ன செய்கின்றன? மூடில் என்ற கற்றல் தளம் ஓடுகிறது, ஒரு தரவுத்தளம் ஓடுகிறது, கோப்புகளைப் பகிர்கிறது, மின்னஞ்சல் போகிறது. இந்த வேலைகளில் புரொசசர் பெரும்பாலான நேரம் டிஸ்க்குக்காகவும் வலையமைப்புக்காகவும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பூட்டினால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும். ராம் கூட்டினால் வரும். தரவுத்தளத்தில் சரியான சுட்டெண் போட்டால் வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நேட்டிவ் ஆக மீண்டும் கம்பைல் செய்து அப்படியொரு மாற்றத்தைக் கண்டேன் என்று அளந்து காட்டியவர் எவரையும் நான் இங்கே சந்தித்ததில்லை.

புதிய கட்டளைகளால் உண்மையிலேயே பயனடையும் வேலைகள் உண்டு: குறியாக்கம், வீடியோ, பெரிய அணிக் கணக்கு. ஆனால் அவற்றை எழுதியவர்கள் எங்களுக்கு முன்பே இதை யோசித்துவிட்டார்கள். குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் ஓடத் தொடங்கும்போதே புரொசசருக்கு என்ன தெரியும் என்று கேட்டு, அதற்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்கிறது. அணிக் கணக்கு நூலகமான ஓப்பன்பிளாஸ் ஒரே பக்கேஜுக்குள் பல புரொசசர்களுக்கான நிரலைச் சுமந்து வருகிறது. ஜிலிப்சி நூலகம் நினைவகத்தைப் பிரதியெடுக்கும் சிறு வேலைக்குக்கூடப் பல வடிவங்களை வைத்திருந்து, தொடங்கும் கணத்தில் ஒன்றைத் தெரிவு செய்கிறது. 2021 பெப்ரவரியில் வந்த ஜிலிப்சி 2.33 இன்னொரு வசதியையும் கொண்டுவந்தது. ஒரு நூலகத்தின் வி1 வடிவத்தையும் வி3 வடிவத்தையும் அருகருகே வைத்தால், இயந்திரம் தனக்கு ஏற்றதைத் தானே எடுத்துக்கொள்ளும். ஏ.ஆர்.எம். பக்கத்தில் ஜிசிசி 10 கம்பைலர் முதற்கொண்டு, பழைய பையிலும் புதிய பையிலும் ஓடக்கூடிய நிரல் ஓடும் நேரத்திலேயே வேகமான வழியைத் தேரும் ஏற்பாடு இயல்பாகவே உண்டு. புரொசசருக்கு ஏற்ற வேகம் என்பது பொதுப் பக்கேஜுக்குள்ளேயே கிடைக்கிறது. அதற்காக ஒவ்வொரு சேர்வரையும் கம்பைல் பட்டறை ஆக்குவது வீண்.

அதற்குக் கொடுக்கும் விலையையும் கணக்கிட வேண்டும். 1 ஜிபி ராம் உள்ள ஒரு ராஸ்பெரி பையில் பெரிய மென்பொருள் ஒன்றைக் கம்பைல் செய்து பாருங்கள். மணிக்கணக்காக ஓடிவிட்டு, லிங்க் செய்யும் கட்டத்தில் நினைவகம் போதாமல் லினக்ஸே அதைக் கொன்றுவிடும். கம்பைல் நடக்கும் நேரம் முழுவதும் அந்தச் சேர்வரை நம்பியிருப்பவர்கள் மந்தமான சேவையைப் பெறுகிறார்கள். ஒவ்வொரு இயந்திரமும் அதே மூலநிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் மீண்டும் மீண்டும் இறக்குகிறது. டேட்டா பக்கேஜை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒரு கிராமப் பாடசாலைக்கு இது சிறிய செலவல்ல. மின்வெட்டு வேறு. 2022 மார்ச் 31இல் நாடெங்கும் 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. அப்படியான நாட்களில் பாதி கம்பைலில் விழுந்த சேர்வர் எந்த நிலையில் எழும்பும்? பக்கேஜ் முறையில் எது நிறுவப்பட்டது, எது பாதியில் நின்றது என்ற பதிவு இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கையால் கம்பைல் செய்ததை நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளை பாதியில் அறுந்தால் எந்தக் கோப்பு பழையது, எந்தக் கோப்பு புதியது என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது பாதுகாப்பு. 2014 ஏப்ரல் 7இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்கள் தந்த பக்கேஜைப் பயன்படுத்தியவர்கள் ஒரு கட்டளையில் திருத்தத்தைப் பெற்றார்கள். கையால் கம்பைல் செய்து ஒரு மூலையில் வைத்தவர்களுக்கு அந்தத் திருத்தம் தானாக வரவில்லை, வரவும் முடியாது. தங்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் இராது. எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கணினி படித்த பிள்ளைகள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். சேர்வரைக் கம்பைல் செய்து வைத்த பிள்ளை இன்று கனடாவில் இருக்கும். என்ன தெரிவுகளைப் போட்டது, எந்தத் திருத்தத்தைச் சேர்த்தது என்று எழுதி வைத்திருக்காது. அடுத்து வருபவர் அந்தச் சேர்வரைத் தொடப் பயப்படுவார். தொடப் பயந்த சேர்வர் திருத்தம் காணாமல் கிடக்கும். திருத்தம் காணாத சேர்வருக்குள் ஒருநாள் யாரோ நுழைவார்.

நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு பார்த்துவிட்டது. 2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்க மேகக் கணினி மீது நடந்த கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலில், அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை அந்த நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. அங்கே கம்பைல் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் திருத்தம் வராத மென்பொருள் எவ்வளவு பெரிய அழிவைத் தரும் என்பதற்கு அதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை. ஒவ்வொரு சேர்வரிலும் ஆளுக்கொரு விதமாகக் கம்பைல் செய்து வைப்பவர்கள், திருத்தம் வராத நிலையைத் தங்கள் கையாலேயே உண்டாக்குகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் செய்தால், அந்த ஓரிடத்தைப் பிடித்தவன் எல்லாவற்றையும் பிடித்துவிடுவானே? இது வெறும் கற்பனை அல்ல. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் மென்பொருள் நிறுவன விவகாரத்தில், கம்பைல் நடக்கும் இடத்துக்குள்ளேயே புகுந்து நஞ்சைக் கலந்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்தது. 2024 மார்ச் 29இல் ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைத்த பின்வாசலைக் கண்டறிந்தார். அந்த நஞ்சு டெபியன், ரெட் ஹட் வகைப் பக்கேஜ் தயாரிப்பையே குறிவைத்து எழுதப்பட்டிருந்தது.

ஆனால் அந்தக் கதையை முழுவதுமாகப் படிக்க வேண்டும். நஞ்சு இருந்தது வெளியீட்டுக்கென்று தந்த மூலக்கோப்புக் கட்டில். அதாவது, 'நானே கம்பைல் செய்கிறேன்' என்பவர் இறக்கும் அதே கட்டில். கையால் கம்பைல் செய்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டை வரிவரியாக வாசிக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. செய்தி வெளியான அன்றே டெபியன் பழைய 5.4.5 நிரலுக்குத் திரும்பிய பக்கேஜை வெளியிட்டது. எந்த இயந்திரத்தில் எந்தப் பதிப்பு என்பது பதிவில் இருந்ததால், பாதிக்கப்பட்டவர்கள் நிமிடங்களில் தெரிந்துகொண்டார்கள். முக்கியமான விநியோகங்களின் நிலையான வெளியீடுகளுக்குள் அது நுழையவே இல்லை. பரிசோதனைக் கிளைகளோடும், தொடர்ந்து புதுப்பிக்கப்படும் சில விநியோகங்களோடும் நின்றுவிட்டது. ஓரிடத்தில் தயாரித்து, படிப்படியாகச் சோதித்து வெளியிடும் ஒழுங்கும் அதைத் தடுக்க உதவியது.

மையத்தை நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மையத்தைச் சரிபார்க்க முடியும் என்கிறேன். ஒரே மூலநிரலை, ஒரே கம்பைலரால், ஒரே தெரிவுகளுடன் இரண்டு இடங்களில் தயாரித்தால் கடைசி பைட் வரை ஒரே பக்கேஜ் வர வேண்டும் என்ற முறையை டெபியன் சமூகம் பல ஆண்டுகளாக உழைத்து வளர்த்திருக்கிறது. இரண்டு இடத்திலும் வந்தது ஒன்றாக இருந்தால் இடையில் யாரும் கைவைக்கவில்லை, வேறுபட்டால் எச்சரிக்கை. 'நேட்டிவ்' முறையில் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை. ஒவ்வொரு சேர்வரின் நிரலும் வேறாக இருப்பதால், ஒருவன் உள்ளே புகுந்து ஒரு கோப்பை மாற்றினால் அதை எதனோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது? ஆளுக்கொரு கம்பைலில் பாதுகாப்பு இருக்கிறது என்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வன்னியில் 'மையம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மனம் பின்வாங்குவதற்குக் காரணங்கள் உண்டு. எங்கோ இருந்து யாரோ எடுத்த முடிவுகளால் இந்த மக்கள் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் நான் சொல்லும் இடம் கொழும்பில் இருக்க வேண்டியதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. அதே அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் 2016 முதல் இருக்கிறது. பம்பைமடுவில் 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. அறிவியல் நகரில் ஒரு பக்கேஜ் கூடம், பம்பைமடுவில் ஒரு பக்கேஜ் கூடம். இரண்டும் ஒரே மூலத்தைத் தயாரித்து ஒன்றையொன்று சரிபார்க்கட்டும். தன் கையில் நிற்கும் தொழில்நுட்பம் என்று வன்னி பெருமைப்பட வேண்டுமானால் அது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. 16 ஜிபி ராம் உள்ள ஒரு மேசைக்கணினி, ஒரு யூ.பி.எஸ்., ஏ.ஆர்.எம். பக்கேஜ்களைத் தயாரிக்கவும் சோதிக்கவும் ஒரு ராஸ்பெரி பை 4 போதும். மூன்று விதிகளைப் பின்பற்றினால் போதும். முதல் விதி: விநியோகம் தருவதை மீண்டும் கம்பைல் செய்யாதீர்கள். 2025 ஆகஸ்ட் 9இல் வெளிவந்த டெபியன் 13இல் 69,000க்கு மேற்பட்ட பக்கேஜ்கள் உண்டு. அவற்றை ஏழு புரொசசர் வகைகளுக்கு அந்தத் திட்டத்தின் தானியங்கிக் கம்பைல் சேர்வர்கள் தயாரித்துத் தருகின்றன. அதன் எக்ஸ்86-64 பக்கேஜ்கள் இன்றும் வி1 அடிப்படையிலேயே நிற்பதால், எங்கள் கோர் 2 டுவோவிலும் அது ஓடும். நாங்கள் தயாரிக்க வேண்டியது விநியோகத்தில் இல்லாததையும், தமிழுக்காகவோ உள்ளூர்த் தேவைக்காகவோ நாங்கள் திருத்தியதையும் மட்டும்தான்.

இரண்டாவது விதி: ஆகப் பழைய இயந்திரத்தின் படியில் நின்று தயாரியுங்கள். எக்ஸ்86 பக்கத்தில் வி1, ஏ.ஆர்.எம். பக்கத்தில் வி8.0. அளந்து பார்த்துப் பயன் கண்ட நூலகத்துக்கு மட்டும் வி3 வடிவத்தை அருகில் வையுங்கள். படியை உயர்த்தினால் யார் வெளியே தள்ளப்படுகிறார் என்று பாருங்கள்: ரெட் ஹட் 9ஆம் பதிப்பில் வி2ஐயும், 2025இல் வந்த 10ஆம் பதிப்பில் வி3ஐயும் கட்டாயமாக்கியது. அதன் வழியில் வரும் அல்மாலினக்ஸ் 10 வி2 இயந்திரங்களுக்கும் தனித் தொகுப்பைத் தயாரித்துக் கொடுத்தது. பழைய இயந்திரம் வைத்திருப்பவரைக் கைவிடாமல் இருக்க ஓரிடத்தில் தயாரிப்பவரால்தான் முடியும்.

மூன்றாவது விதி: ஒவ்வொரு பக்கேஜையும் வெறுமையான, சுத்தமான சூழலில் தயாரித்து, பதிப்பெண் இட்டு, சாவியால் கையொப்பமிட்டு, களஞ்சியத்தில் வையுங்கள். முந்தைய பதிப்பை அழிக்காதீர்கள்; பிழைத்தால் திரும்பிப் போக அது வேண்டும். முதலில் ஒரு பழைய பென்டியத்திலும் ஒரு ராஸ்பெரி பை 4இலும் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்புங்கள். சேர்வர் பக்கத்தில் செய்ய வேண்டியது டெபியனின் பக்கேஜ் கருவியான ஆப்டின் கட்டளை ஒன்றுதான். தன் புரொசசர் வகை எது என்று அதுவே அறிந்து, அதற்குரிய பக்கேஜை எடுத்துக்கொள்ளும். அதன்பின் சேர்வர்களிலிருந்து கம்பைலரை நீக்கிவிடுங்கள். உள்ளே புகுபவனுக்கு அங்கே ஒரு ஆயுதம் குறையும்.

மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வதையே தன் அடையாளமாகக் கொண்ட விநியோகம் ஜென்டூ. இங்கே இந்த நம்பிக்கையைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதையே முன்னுதாரணம் காட்டுவார்கள். அந்த ஜென்டூவே 2023 டிசம்பர் 29இல், எக்ஸ்86-64க்கும் ஏ.ஆர்.எம். 64க்கும் தயாரித்து முடித்த பக்கேஜ்களை அதிகாரபூர்வமாக வழங்கத் தொடங்கியது. ஃப்ரீபிஎஸ்டி பயன்படுத்துவோர் பூட்ரியேர் என்ற கருவியால் ஓரிடத்தில் தயாரித்துப் பல சேர்வர்களுக்கு அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. வசதி மிகுந்தவர்களே கைவிட்டுவரும் வீண்செலவை, வசதி குறைந்த நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

இந்த நாட்டுக்குப் பொதுவில் செய்து பகிரும் மென்பொருள் புதிதும் அல்ல. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையையும் சேர்த்து ஆழிப்பேரலை அழித்தபோது, இலங்கையின் தொண்டர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய சஹானா என்ற திறந்த மென்பொருளை உருவாக்கினார்கள். முகாமுக்கு ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தால் எதற்கும் உதவியிராது. ஒன்றாகச் செய்து பலருக்குக் கொடுத்ததால் அது பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களுக்கும் போனது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலத் திட்ட விருதையும் பெற்றது.

சேர்வர் பார்க்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு இயந்திரத்தின் புரொசசரையும் அதன் படியையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் கையால் கம்பைல் செய்யப்பட்டுக் கிடப்பவை எவை என்று பட்டியலிடுங்கள். விநியோகத்தின் பக்கேஜ் இருக்கும் ஒவ்வொன்றையும் அதற்கு மாற்றுங்கள். மீதமுள்ளவற்றை ஓரிடத்தில் தயாரிக்க உங்கள் அயல் அலுவலகத்தோடும் பாடசாலையோடும் சேர்ந்து தொடங்குங்கள். அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் படிப்பிக்கும் ஆசிரியர்களே, கம்பைல் செய்யக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கேஜ் ஆக்கவும் கையொப்பமிடவும் பராமரிக்கவும் கற்றுக்கொடுங்கள், அதைச் செய்யும் கூடத்தையும் உங்கள் வளாகத்தில் திறவுங்கள். வன்னியின் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் சங்கங்களும் நம்பியிருக்கும் சேர்வர்களுக்கு இதைவிடக் குறைந்த ஒழுங்கு போதாது.